சடையன் கரடியின் டர்போ வண்டி

ஒரு காட்டில் மலையேறும் ரோடு ஒன்று இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு மிருகத்தைச் சொல்ல வேண்டும். மிருகம் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் ரோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைந்து வளைந்து ஏறி அது முடிகிற உச்சியில் சந்தை. அடிவாரத்தில் விளைவதெல்லாம் அங்கே போனால்தான் காசு.

இப்போது மிருகம். சடையன் என்று ஒரு கரடி, ஊர் மூட்டைகளை எல்லாம் முதுகில் சுமந்து சந்தைக்கு ஏற்றிப் பிழைத்து வந்தது. சுமந்து சுமந்து முதுகில் முடி கொட்டி வழுக்கை விழுந்துவிட்டது. தலையில் விழுந்தாலாவது தொப்பி போடலாம், முதுகுக்கு என்ன போடுவது? இனிச் செத்தாலும் முதுகில் மூட்டை ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்து, சேர்த்து வைத்திருந்த தேன் முழுவதையும் கொடுத்து ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி வாங்கியது.

விற்றது ஒரு கீரி. பழைய வண்டி விற்கிற எல்லோரையும் போல அதுவும் ஒரே ஓனர் என்றது. யார் அந்த ஓனர் என்று கரடி கேட்டதற்கு, ஆமை என்றது.

"மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கதே அதுக்குத் தெரியாது அண்ணாச்சி. பிரிக்காத பொட்டலம் மாதிரி அப்படியே கிடக்கு."

கரடி மயங்கிவிட்டது. டயருக்கு ஓர் எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு ஒரு மாலை. வண்டி வீட்டுக்கு வந்தது.

வண்டி நல்ல வண்டிதான். ஏற்றத்தில் மட்டும் நடக்கும். ஓடாது, நடக்கும். நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாமல் பின்னால் உருளும். அதனால் கரடி எங்கேயும் நிறுத்துவதில்லை. ஊரும் அதற்குப் பழகிக்கொண்டது. வண்டி ஊர்ந்து வரும்போது கூடவே நடந்து, மூட்டையைத் தூக்கிப் போட்டு, பேசிக்கொண்டே தொற்றி ஏறிக்கொள்ளும். சேனைக்கிழங்கு வியாபாரம் பார்த்த பேச்சியம்மாள் என்கிற காட்டுப்பன்றி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயும் கொப்பளித்துவிட்டுத்தான் ஏறும். அவ்வளவு நேரம் இருக்கும்.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. நரி மாசிலாமணி புது பிக்கப் வாங்கிவிட்டது. தரையை ஒட்டிய பளபளப்பான வண்டி. தினமும் பின்னால் வந்து ஹாரன் அடித்து முந்தும். முந்தும்போது கண்ணாடியை இறக்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்கும்.

"அண்ணாச்சி, வண்டி போவுதா, நிக்குதா?"

எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? கரடிக்கு வயிறு எரிந்தது. பின்னால் ஏறி உட்கார்ந்திருந்த சரக்குகளும் வெயிலில் வாடி, சந்தையில் பாதி விலைக்குப் போயின. இப்படியே போனால் ஊர் நரி பக்கம் சாய்ந்துவிடும், மூட்டை மறுபடி முதுகுக்கு வந்துவிடும் என்று அதற்கு உள்ளூர நடுக்கம்.

மெக்கானிக் குத்தாலம் ஒரு முள்ளம்பன்றி. அது வண்டிக்கடியில் புகுந்தால் டயருக்கு ஆபத்து, ஆனாலும் கைராசிக்காரன் என்று பெயர். இன்ஜினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பழுது ஒன்றுமில்லை, மூச்சுதான் பத்தவில்லை என்றது. டர்போ வைத்தால் தீர்ந்தது என்றது. வீணாக வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும், அவ்வளவுதான் சங்கதி. கரடிக்குப் பாதி புரிந்தது. வேகமாகப் போகும் என்கிற பாதி.

மாட்டி முடித்து மிதித்தால், வண்டி விசிலடித்தது. நிஜமான விசில். வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. கரடிக்குப் புல்லரித்து, வழுக்கை முதுகில் இல்லாத முடிகூடச் சிலிர்த்தது. முதல் நாளே நரியை முந்தியது. முந்தும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டது. என்ன கேட்டது என்பது விசிலில் யாருக்கும் கேட்கவில்லை.

சந்தைக்கு முதல் ஆளாகப் போய், முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

எப்படி இருக்கும்? யாராலும் ஏற முடியவில்லையே. டர்போ வந்தபின் வண்டி பின்னால் உருளாது, நிறுத்தி ஏற்றலாம்தான். ஆனால் நிறுத்தினால் விசில் அடங்கிவிடும், திரும்ப எழும்ப வெகு நேரமாகும். கரடிக்கு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க மனம் வரவில்லை. தினமும் முதல் ஆளாக வந்தது, தினமும் காலி வண்டியோடு வந்தது. நரியோ நின்று நின்று எல்லா மூட்டையையும் ஏற்றிக்கொண்டது.

ஒருநாள் சந்தையில் பேச்சியம்மாள் எதிரே வந்து நின்றது.

"ஏல சடையா, முன்ன உன் வண்டி மெதுவாப் போச்சு, நாங்க எல்லாரும் கூட வந்தோம். இப்ப நீ மட்டுந்தான போற?"

கரடி அழுதுவிட்டது. டர்போவைக் கழற்றிவிடலாம், விசிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நேராகக் குத்தாலத்தின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. பூட்டியிருந்தது. குத்தாலம் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தது, மறுவீடு எல்லாம் முடிந்துதான் வரும் என்றார்கள். திருந்துவதற்கும் ஒரு நேரம் அமைய வேண்டியிருக்கிறது.

அதற்குள் ஊர், புழுதியையும் விசிலையும் பற்றி ரோட்டுக் கமிட்டித் தலைவர் யானையிடம் முறையிட்டது. கரடியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தலைவருக்கு யார் மனதையும் நோகடிக்கப் பிடிக்காது. அதனால் வளைவுக்கு வளைவு வேகத்தடை போடச் சொன்னது. எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். ரொம்ப வேண்டாம், என் கணுக்கால் உயரம் போதும் என்றது யானை.

மறுநாள் நரியின் புது வண்டி முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், இரண்டும் காற்றில். பின்னால் வந்த கரடியின் வண்டியோ ஆமை காலத்து உயரமான வண்டி. பக்கத்தில் ஒதுங்கி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கி, டர்போ புண்ணியத்தில் அடுத்த ஏற்றத்தையும் இழுத்தது. வேகத்தடைக்கு வேகத்தடை ஊர் மூட்டையோடு நின்றது, நிதானமாக ஏறியது. பேச்சியம்மாளுக்கு வாய் கொப்பளிக்கவும் நேரம் இருந்தது.

"நல்ல புத்தி வந்துட்டோல?" என்று கேட்டது.

"எனக்கு வரல அக்கா. ரோட்டுக்கு வந்திருக்கு."

கல்யாணம் முடிந்து குத்தாலம் ஓடி வந்தது, கழற்றணுமாமே அண்ணாச்சி என்று. கரடி அதற்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டது. அந்த வாரம் கமிட்டிக் கூட்டத்தில், ரோட்டுப் பாதுகாப்பின் அவசியத்தை ஊருக்கு உணர்த்தியதற்காகச் சடையனுக்கு யானை மாலை போட்டது. நரியின் வண்டியை நகர்த்துவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

நீதி: தப்பு செய்தவன் அவசரப்பட்டுத் திருந்திவிடக் கூடாது, ஊர் அவனுக்குத் தோதாக ரோட்டைத் திருத்தும்வரை பொறுத்திருக்க வேண்டும்.