செல்லை அமுக்கும் வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அம்மாவின் வலது முழங்கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் முழுமையாக நலம் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்பி அம்மாவை அழைத்துக்கொண்டு, காலைத் தரையில் வைக்கவிடாமல் கட்டிலிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாய். போனில் அம்மா, "செல்லை விட்டு விட்டு அமுக்கினா முட்டி சரியாயிடுமாம், சின்னவ சொல்றா" என்றதும் எங்கள் இருவர் மேலும் உனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நியாயம்தான். நடந்ததைக் கேள்.

ஆய்வகத்தில் நான் செய்வது அதுதான். முழங்கால் அறுவையில் மிஞ்சும் குருத்தெலும்பிலிருந்து செல்களைப் பிரித்து, ஜெல்லி வில்லைகளில் வைத்து, ஒரு குட்டி இயந்திரத்தின் அடியில் வைப்போம். அது ஆள் நடப்பதைப் போல அமுக்கும், விடும், அமுக்கும், விடும். அப்படிச் செய்தால் செல்கள் சுறுசுறுப்பாகி, மூட்டுக்கு வேண்டிய மெத்தையைப் புதிதாகச் செய்கின்றன. ஒரேயடியாக அமுக்கியே வைத்தாலும் சோர்ந்துவிடும், சும்மா விட்டாலும் சோம்பிவிடும். படியிறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த அம்மாவிடம் இதைச் சுருக்கி, "செல்லுக்கு அழுத்தம் வேணும்மா, விட்டு விட்டு" என்றேன். சுருக்கியது தப்பு. மறுநாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்து தன் போனை அமுக்கியிருக்கிறாள், விட்டிருக்கிறாள், மறுபடி அமுக்கியிருக்கிறாள். சாயங்காலம், "வலி எப்படிம்மா இருக்கு?" என்றேன். "முட்டி அப்படியேதான் இருக்கு. இப்ப கட்டைவிரலும் வலிக்குது" என்றாள். அதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரர் அணைந்துபோன போனோடு வந்து நிற்கிறார். "செத்த செல்லுக்கெல்லாம் நீங்க உயிர் குடுப்பீங்களாமே, அம்மா சொன்னாங்க."

அம்மாவை உட்கார வைத்து, இது உடம்புக்குள் இருக்கும் செல் என்று விளக்கினேன். "அதுக்கும் ஏண்டி செல்லுன்னே பேர் வெச்சீங்க? படிச்சவங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?" என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து நடக்க வந்துவிட்டாள். தெருமுனை வரைதான். மருந்துக்கடைக்காரர், பூட்டு ரிப்பேர்காரர், சலவைக்காரம்மா என்று ஒவ்வொருவரிடமும் நின்று கதை பேசுகிறாள். "என்னம்மா இது?" என்றால், "நீதானே விட்டு விட்டுன்னே" என்கிறாள். டாக்டரிடமும் போய்க் கேட்டேன், மெதுவாக நடப்பது நல்லது என்றே அவரும் சொன்னார். இப்போது படியிறங்கும்போது முனகல் குறைந்து, மிச்சமாகும் மூச்சு என்னைத் திட்டத்தான் பயன்படுகிறது.

"நீ சரியான அழுத்தக்காரி, மனசுல இருக்கறதை வாயத் திறந்து சொல்லவே மாட்டே" என்பாளே, அதனால் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது என் தோளில் கையூன்றுகிறாள். அந்தக் கனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளாது. கட்டிலில் கிடந்தால் அவளுக்கும் ஆகாது. ஆகவே, கோபித்துக்கொள்ளாதே, காரை அனுப்ப வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள், பெரியவன் வெட்கப்பட்டாலும்.

அன்புத் தங்கை

பி.கு.: இதைத் தபாலில் போட அவசரமாகப் படியிறங்கி, கால் பிசகிவிட்டது. என் காலைத் தரையில் வைக்கக்கூடாதாம். மருந்துக்கும் காய்கறிக்கும் அம்மாதான் ஏறி இறங்குகிறாள். "ஞாயித்துக்கிழமை காரை அனுப்பச் சொல்லு. கட்டில்ல படுக்கப்போறது நீ. கூட நானும் வரேன், உன்னைத் தனியா விட்டா அந்தக் காலோடவே ஆபீசுக்குப் போயிடுவே" என்கிறாள். எதிர்த்து நிற்கலாம் என்றுதான் பார்த்தேன். நிற்க முடியவில்லை.