சூடு போடச் சொன்ன மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். அங்கு நீ, மகன், பாப்பா, உங்களோடு வந்து தங்கியிருக்கும் சம்பந்தி இருவர் ஆகிய அனைவரும் சுகமென்றே நம்புகிறேன். எங்கள் வீட்டுக் கணினியின் சுகம் குறித்துத்தான் இந்த மின்னஞ்சல். இது உனக்கு வந்து சேர்ந்திருந்தால் பாதி சுகம் என்று வைத்துக்கொள்.

போன ஞாயிறு நடந்ததை நீயே பார்த்தாய். எங்களுக்குப் பாப்பா தெரிந்தாள், பாப்பாவுக்கு எங்கள் முகம் தெரியவில்லை, வெறும் கறுப்புத் திரை. என் குரலைக் கேட்டுத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாளே, அம்மா, அதற்கப்புறம் எனக்குச் சோறே இறங்கவில்லை. இப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருக்கிறது, இன்னும் நாலு வாரம் போனா தாத்தாவாவது பாட்டியாவதுன்னு மறந்துடாதா? எங்க ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது பட்டன் போன். அன்னைக்குக் காலையிலதான் பழைய சிஸ்டம் 'இந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது, புதியது வாங்கவும்'னு நோட்டீஸ் விட்டுச்சு. சரி, வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டு கண்ணையும் பிடுங்கிட்டாங்கன்னு எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. நான் ரிட்டையர் ஆனப்போ இதையேதான் சொன்னாங்க, ஆனா கையில ஒரு சுவர்க் கடிகாரமாவது கொடுத்தாங்க.

அதனால நீ போன தடவை வந்தப்போ கொடுத்துட்டுப் போன, லினக்ஸ்ங்கற இலவச சிஸ்டம் இருக்கிற பென்டிரைவைச் செருகினேன். பாப்பா போட்டோவெல்லாம் நீ சொன்ன மாதிரி முதல்லயே தனியா எடுத்து வெச்சாச்சு. மொழி என்னன்னு கேட்டுச்சு, தமிழ்னேன், உடனே தமிழ்லயே பேச ஆரம்பிச்சுடுச்சு, எனக்குப் புல்லரிச்சுடுச்சு. அப்புறம் 'அனைத்தையும் அழிக்கவா?'ன்னு கேட்டுச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஆமான்னு அமுக்கிட்டேன். அதே நிமிஷம் உங்க அத்தை சமையல் ரூமிலிருந்து "ஏங்க, ஏங்க, கொஞ்சம் இருங்க!"ன்னு கரண்டியோட ஓடி வர்றா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. கடவுச்சொல் வைக்கச் சொன்னப்போ, டைப்பிஸ்ட் வேலை பார்த்தவ நானா நீங்களான்னு என்னைத் தள்ளிட்டு அவளே அடிச்சா. என்ன அடிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இனிமேதான் கூத்து. கேமராவுக்கு ஏதோ ஒண்ணு சேர்க்கணும்னு உனக்கு போன் போட்டேன். நீ ஆபீஸ் மீட்டிங்ல இருந்துக்கிட்டு, "மாமா, எதுக்கும் முதல்ல சூடோ போடுங்க"ன்னு குசுகுசுன்னு சொல்லிட்டு வெச்சுட்டே. ஆயுசுல பாதியை பாய்லர் ரூம்ல கழிச்சவன் காதுல அது எப்படி விழும்? சூடு போடுங்கன்னுதான் விழுந்துச்சு. நியாயமாத்தான் பட்டுச்சு, பாய்லரையே சூடேத்தாம யாரு ஓட்டுவாங்க? ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கணினியை ஓட விட்டு உட்கார்ந்திருந்தோம். மெஷின் சூடானதோ இல்லையோ, உங்க அத்தை சூடாயிட்டா. அப்புறம் நீ எழுதத்தான் சொல்லியிருப்பேன்னு தமிழ்ல 'சூடு'ன்னு அடிச்சேன். 'அப்படியொரு கட்டளை இல்லை'ன்னுச்சு. சூடு இல்லாம கட்டளையை மட்டும் அடிச்சா 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னுச்சு. அதைப் பார்த்துட்டு உங்க அத்தை, "வந்து ஒரு நாள் ஆகலை, இந்த வீட்டு நிலவரம் அதுக்குப் புரிஞ்சு போச்சு பாருங்க"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறா. கடைசியில அவதான் உதவிப் பக்கத்தைத் தேடி, அது சூடு இல்லை சூடோ, எஜமான் அனுமதியோட செய்யுன்னு சொல்ற கட்டளை, எஸ், யு, டி, ஓன்னு படிச்சுச் சொன்னா.

அதைப் போட்டா கடவுச்சொல் கேக்குது. அவ அடிக்கிறா, திரையில ஒரு எழுத்து விழலை, ஒரு புள்ளி கூட இல்லை. மீட்டர் முள்ளு அசையாம பிரஷர் ஏறினா பாய்லர்காரன் ஓடணும், நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன். ஆனா வேலை நடந்துச்சு! வரி வரியா என்ன பண்றேன், எதைப் பண்றேன்னு சொல்லிக்கிட்டே போகுது. பழசு 'பிழை ஏற்பட்டது'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கும். இதை யாரோ முகம் தெரியாதவங்க எழுதி, உள்ளே என்ன இருக்குன்னு யாரு வேணும்னாலும் திறந்து பார்த்துக்கோங்கன்னு விட்டிருக்காங்களாமே, அவங்களுக்கு என்னம்மா அப்படி ஒரு நல்ல மனசு? காலையில அந்த வரிகள் ஓடறதைப் பார்க்கறதுக்காகவே கணினியை நிறுத்தி நிறுத்திப் போடறேன். ஒவ்வொரு சூடோவுக்கும் உங்க அத்தையைக் கூப்பிட வேண்டியிருக்கு, அவளும் முணுமுணுத்துக்கிட்டே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்துக்கறா.

எல்லாம் ஓடுது, பாட்டு வருது, இந்தக் கடிதம் வருது. கேமரா மட்டும் வரலை. அதைக் கேட்டா 'கேமரா இயங்குகிறது'ன்னு சாதிக்குது, படம் மட்டும் கும்மிருட்டு. இயங்குற சாமான் ஏன் இருட்டைக் காட்டணும்? இதைக் கண்டுபிடிக்காம விடறதில்லை. நாளைக்கு ஞாயிறு. பாப்பாவை உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி நீ கொஞ்சம் சீக்கிரமா வந்து வழி சொல்லம்மா. இன்னொரு தடவை அந்த உதடு பிதுங்கினா என்னால தாங்க முடியாது.

பாப்பாவுக்கு எங்கள் முத்தங்கள். மகனுக்கு ஆசிகள். சம்பந்திக்கு எங்கள் அன்பான விசாரிப்புகளைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அனுமதி இல்லாத மாமா

பின்குறிப்பு: மாமா குளிக்கப் போயிருக்கார், அத்தை எழுதறேன். கேமரா மேல கறுப்பு டேப் ஒட்டினது நான்தான். இந்த மனுஷன் எந்நேரமும் பனியனோட அந்தப் பெட்டி முன்னாடி உட்காரறார், உங்க அப்பா அம்மா திடீர்னு பார்த்துட்டா மானம் போயிடும்னு ஒட்டினேன், மறந்தே போயிட்டேன். ஞாபகம் வந்து கரண்டியோட ஓடி வந்தப்போ பழசை அழிச்சு முடிச்சுட்டார். அதுக்கப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். வேலையை விட்ட நாள்லேர்ந்து ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தவர் இப்படிச் சந்தோஷமா இருக்கிறப்போ, வாயைத் திறக்க மனசு வரலை. கேமரா எங்கேயோ உள்ளே இருக்குன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார். நாளைக்குக் காலையில துடைக்கிற சாக்குல டேப்பை எடுத்துடறேன். படம் வந்ததும், "அட, எப்படி மாமா சரி பண்ணினீங்க?"ன்னு மட்டும் கேட்டுடு. சட்டை போட்டு உட்கார வைக்கிறது என் பொறுப்பு.