ஏழாம் தூண் காத்த படலம்

வாழ்க அவன் தொண்டை! தொண்ணூறு நிமிடமும் ஓயாமல் நடுவரைத் திட்டியும் ஒருநாளும் கட்டிக்கொள்ளாத அந்தக் குரல்வளை வாழ்க! இருபத்தாறு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் ஒரே இருக்கையில் அமர்ந்தமர்ந்து, பிளாஸ்டிக்கும் இளகித் தன் உடலின் வடிவத்தை ஏற்கும்படி செய்த தவவலிமையோன்; பதினான்கு மாடிக் கட்டடங்களின் இருட்குழிகளில் இரும்புக்கயிறு பற்றித் தொங்கும்போதும் மனத்தால் பெனால்ட்டிக் கட்டத்தை விட்டு நீங்காதவன்; வென்ற ஆட்டங்களைக் காட்டிலும் தோற்ற ஆட்டங்களை நுணுக்கமாக நினைவில் சுமப்பவன்; அவனையே பாடத் துணிந்தோம். தொழிலால் அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

அப்பெருமகனின் ஆட்சிப்பரப்பு யாதெனில், பழைய மைதானத்தின் கிழக்குப் பகுதியில் அறுபத்துநான்கு படிகள் மூச்சிரைக்க ஏறியபின் எதிர்ப்படும் இரண்டு இருக்கைகளுள் இடப்பக்கத்தது. அவ்விரண்டுக்கும் நேர் முன்னே, கூரையைத் தாங்குவதாகச் சொல்லிக்கொண்டு நின்றது ஏழாம் தூண். அதை அங்கே நிறுத்திய பொறியாளர் வாழ்நாளில் ஒருமுறையேனும் பந்தாட்டம் பார்த்தவரா என்பது ஆராய்ச்சிக்குரியது. இடப்பக்கம் அமர்ந்தவனுக்கு இடப்பக்கக் கோல் மட்டுமே தெரியும்; வலப்பக்கம் அமர்ந்தவருக்கு வலப்பக்கக் கோல் மட்டுமே. அந்த வலப்பக்கத்தவர் அவன் மனைவியின் அண்ணன், பல் செட் செய்பவர்.

இவ்விரு வேந்தர்க்கும் இடையே நான்காண்டுகளாகப் பகை மூண்டிருந்தது. தங்கையின் புதுவீட்டில் கடிகாரம் மாட்டுவதற்காகச் சுவரைத் துளைத்த மச்சான், சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயையும் சேர்த்துத் துளைத்தார். கூடம் குளமாயிற்று. கணுக்கால் நீரில் நின்ற உறவினர் அனைவரும் கேட்க, “ஒரு ஆணி அடிக்கத் தெரியாதவருதான் ஊர்ல இருக்கிற வாய்க்கெல்லாம் பல்லு கட்டுறாராக்கும்” என்று வாய்விட்டான் நம் காவலன். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அறையில் இரண்டடி தள்ளி அமர்ந்திருந்தாலும், “உங்க அண்ணனைக் கொஞ்சம் நகரச் சொல்லு, டிவி மறைக்குது” என்று சமையலறையில் இருக்கும் மனைவி வழியாகவே தூது போகும்.

ஆயினும் மைதானத்தில் அந்தத் தூண் நின்றது. அதன் முன் பகை பலிக்கவில்லை. மறுபாதியில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் எந்த ரசிகன் உயிரோடிருப்பான்? “மாப்ளே, கார்னர்! நம்ம கார்னர்!” என்பார் மச்சான். “இந்தப் பக்கம் நம்ம கோல்கீப்பர் ஷூ லேஸ் கட்டிக்கிட்டு நிக்கிறான் மச்சான்!” என்பான் இவன். பதினைந்து நாளைக்கொருமுறை தொண்ணூறு நிமிடம், இருவரும் வாய் வலிக்கப் பேசினார்கள். இறுதி விசில் ஊதியதும் ஆளுக்கொரு படிக்கட்டில் இறங்கி வீடு போனார்கள்.

இந்நிலையில்தான் இடிபோல் வந்திறங்கியது கிளப்பின் அறிவிப்பு: பழைய மைதானம் இடிக்கப்படும், ஊருக்கு வெளியே புதியது எழும், அதில் தூணே இராது. அறிவிப்பைப் படித்த நம் காவலனின் நெஞ்சு காற்றுப்போன பந்தாய்ச் சுருங்கிற்று. தூண் இல்லையென்றால் எல்லார்க்கும் எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்துவிட்டால் மச்சான் அவனிடம் எதைச் சொல்வார்? சாகும்வரை ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுவாரே என்று அவன் பயந்தான். இதை மனைவியிடம்கூட அவன் சொல்லவில்லை. வெளியே கேட்டவர்களிடமெல்லாம் ‘பாரம்பரியம்’ என்றான்.

ஞாயிறு காலை பதினொரு மணி. டயர்க் கடையின் மாடியறை. செயலாளர் நீங்கலாக, நாற்பத்துமூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பத்துமூன்று வீரர்கள் ரசிகர் சங்கத்தின் பேரவையாகக் கூடினர். தம் குளியலறைக் குழாய் ஒழுகுவதை ஓராண்டாக நிறுத்த முடியாத ஒருவர், “என்னைக் கேக்காம ஒரு செங்கல் வைக்க விடமாட்டேன்” என்று கர்ஜித்தார். இப்படியொரு சங்கம் இருப்பது கிளப்பின் முதலாளிக்குத் தெரியாது. கருத்துகளை அனுப்பச் சொல்லிக் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரியோ, எதை அனுப்பினாலும் ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று அரை நொடியில் பதிலளித்தது. புதிய மைதானத்தின் நிலத்தில் பொக்லைன் இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

எதிரணிக்குத் தலைமை தாங்கினார், எந்த வாதத்துக்கும் போனிலிருந்து ஒரு படத்தை உருவிக் காட்டும் வல்லமையால் ‘ஸ்கிரீன்ஷாட்’ என்று போற்றப்படும் ஜெராக்ஸ் கடைக்காரர். புதிய மைதானத்தின் வண்ணப்படத்தை நான்கு தாள்களில் அச்சிட்டு, செலோடேப் போட்டு ஒட்டிக் கொணர்ந்திருந்தார். ஒட்டியதில் சற்றுப் பிசகி, ஒரு கோல் கம்பம் கார் நிறுத்துமிடத்தில் நின்றது. “அறுபதாயிரம் சீட்டு! எங்க உக்காந்தாலும் முழு கிரவுண்டும் தெரியும்! முட்டி வலிக்காரங்களுக்கு லிஃப்ட்டு!” என்று அவர் முழங்க, கடந்த பருவத்தில் கடைசியிலிருந்து மூன்றாம் இடம் பிடித்த அணியின் அடியார்கள் கைதட்டி ஆர்ப்பரித்தனர். லிஃப்ட் என்ற சொல் விழுந்ததும் மூன்றாம் வரிசை ஓரத்தில் மச்சான் தன் வலது முட்டியைத் தடவியபடி தலையாட்டினார். அதை நம் காவலன் கண்டான்.

பின்னர் எழுந்தது சொற்போர். ஆங்கே வாதங்கள் அம்புகளாய்ப் பறந்தன. எதிர்வாதங்கள் ஈட்டிகளாய்ப் பாய்ந்தன. கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பேக்கரிக்காரர் தொடுத்த வினா அவையை இரண்டாகப் பிளந்தது. பள்ளி வேன் ஓட்டுநர் வண்டி நிறுத்தும் பிரச்சினையைத் தொட்டார்; தொட்டதும் நாற்பது நிமிடம் போனது. இருக்கைகளின் நிறம் இளநீலமா கருநீலமா என்பதில் பத்தாண்டு நண்பர்கள் இருவர் பத்தே நிமிடத்தில் பிரிந்தனர். பந்தைப் பற்றி எவரும் பேசவில்லை.

இறுதியாக எழுந்தான் நம் காவலன். “அவையோரே! மறைந்திருப்பதால் அன்றோ கோலுக்கு மகிமை! பாதியை நான் காண, பாதியை என் அருகிருப்போன் காண, இருபாதியும் சொல்லால் ஒன்றுசேரும் அந்தப் புனிதத் தலத்தை இடிக்க எவனுக்கு உரிமை?” என்பதே அவன் உள்ளத்தே எழுந்த பேருரை. வாயில் வந்தது, “எல்லாமே தெரிஞ்சிட்டா அப்புறம் என்னய்யா இருக்கு?” என்பதுதான். “லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்ட் வேணாங்கிறான், இதை எங்க போய்ச் சொல்றது!” என்றார் ஸ்கிரீன்ஷாட். அவை சிரித்தது. ஆயினும் அவன் சொன்னது எங்கோ தைத்தது. சிலர் தம் பழைய இருக்கைகளை நினைத்துக் கண் கலங்கினர்.

புதிய மைதானத்தின்மேல் வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டது. ஆதரிப்போர் எழவேண்டும், எதிர்ப்போர் அமர்ந்திருக்க வேண்டும் என்பது சங்க விதி. முன்பு கை தூக்கும் முறை இருந்தபோது பேக்கரிக்காரர் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு கைகளையும் தூக்கிவிட்டதால் வந்த சீர்திருத்தம் அது. “ஆதரிக்கிறவங்க எந்திரிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, செயலாளரான மருந்துக்கடைக்காரர் தம் மூக்குக்கண்ணாடியைத் தேடலானார்.

எழுந்தவர் பதினைந்தே பேர்! அமர்ந்திருப்போர் இருபத்தெட்டு! நம் காவலன் விரல்விட்டு எண்ணினான். நம்பாமல் மறுபடி எண்ணினான். அப்போதுதான் கண்டான், மூன்றாம் வரிசை ஓரத்தில், முகம் சிவக்க, நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றியபடி, எழாமல் அமர்ந்திருந்தார் மச்சான். லிஃப்டை உதறி, முட்டியை மறந்து, தூணின் பக்கம் நின்றுவிட்டார் மச்சான்! அவருக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருக்கிறது! நான்காண்டுக் குழாய்நீர் அனைத்தும் இப்போது நம் காவலனின் கண்வழியே வந்தது. நெஞ்சு விம்ம, தன்னிலை மறந்து, நாற்காலி பின்னே சாயத் துள்ளியெழுந்து, எட்டுத்திக்கும் அதிரக் கிளப்பின் பாட்டை எடுத்துவிட்டான்.

அந்தோ! கிளப்பின் பாட்டு ஒலிக்கையில் அமர்ந்திருப்பவன் ரசிகனே அல்லன் என்று ஏழு கோல் வாங்கித் தோற்ற ஒரு மாலையில் விதி செய்தவனும் அவனே. அவ்விதியை மீற அங்கே எவர்க்கும் துணிவில்லை. இருபத்தாறு நாற்காலிகள் கிறீச்சிட்டன. மார்பில் கை வைத்து, கண்ணீர் வழிய, சுருதி சேராமல் அவை முழுவதும் எழுந்து நின்று பாடியது. சரியாக அத்தருணத்தில் செயலாளருக்கு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. பேனா முனையால் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

“ஆதரவு நாப்பத்திரெண்டு, எதிர்ப்பு ஒண்ணு.”

“யோவ், நாங்க பாட்டுக்குத்தான்யா எந்திரிச்சோம்!” என்று அலறினான் காவலன்.

“எதுக்கு எந்திரிச்சீங்கன்னு எழுத ஃபார்ம்ல இடமில்லண்ணே” என்றார் செயலாளர், மூடியைப் பேனாவில் பொருத்தியபடி. ஸ்கிரீன்ஷாட் அந்தத் தாளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். தீர்மானம் மின்னஞ்சலில் ஏறியது. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று அரை நொடியில் பதில் வந்தது. பாதகம் முடிந்ததும் அவையோர் டீயும் பிஸ்கட்டும் இருந்த மேசையைச் சூழ்ந்தனர்.

தன் கோட்டையைத் தன் தொண்டையாலேயே தகர்த்தவன் தலைகுனிந்து நின்றான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். நாற்பத்திருவர் சாய்ந்த களத்தில் இன்னும் ஒருவர் சாயவில்லை. மூன்றாம் வரிசை ஓரத்தில், அதே நாற்காலியில், கற்சிலைபோல் அமர்ந்திருந்தார். பாட்டுக்கும் எழாத உறுதி! விதிக்கும் அஞ்சாத நெஞ்சம்! அந்தத் தனிப்பெரும் வீரரை நோக்கி, கவிழ்ந்த நாற்காலிகளைத் தாண்டி, நான்காண்டு மௌனத்தைக் காலால் மிதித்து நடந்தான் காவலன். அவர் முன்னே நின்று, நெஞ்சில் கை வைத்து, யுகங்கள் போற்றும் நன்றியுரையொன்றைத் தொடங்க வாய் திறந்தான்.

“மாப்ளே, அப்பவே எந்திரிக்கப் பாத்தேன், முட்டி பிடிச்சிக்கிச்சு, கையைக் குடு” என்றார் மச்சான்.