முன்னுரை பாய் சொல்லாத கதை

ரங்கூனில் முன்னுரை பாயை முந்திக்கொண்டு ஒரு கதையை முடித்தவர் இதுவரை பிறக்கவில்லை. ரயில் வேண்டுமானால் அவருக்குத் தப்பிப் போயிருக்கும். கதையின் முடிவு தப்பியதில்லை.

ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் தனியார் கல்லூரியில் அவருக்கு ஒரு பதவி இருந்தது: 'பூர்வகுடிக் கதைசொல்லல் மற்றும் அறிவுப் பகிர்வு ஒருங்கிணைப்பாளர்.' பதவி, கதவைவிட அகலம். பெயிண்டர் கதவில் முடிந்தவரை எழுதி, மிச்சத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார். கதவு திறந்திருந்தால் பாய் வெறும் 'ப்பாளர்'.

வேலை எளிதுதான். மோன், கரேன், சின் இனத்தவரின் ஊர்களிலிருந்து கதை தெரிந்தவர்களை மாதம் ஒருவராக அழைத்துவர வேண்டும். அவர்கள் சொல்லுவார்கள், பிள்ளைகள் கேட்பார்கள். பாய் இரண்டு வரி அறிமுகம் செய்தால் போதும். அந்த இரண்டு வரியில்தான் எல்லாம் மூழ்கியது.

கியாக்தானிலிருந்து ஒரு மோன் பெரியவர் முதலைக் கதை சொல்ல வந்தார். பாய் மைக்கைப் பிடித்தார். பர்மிய மொழியில்தான் தொடங்குவார். உற்சாகம் ஏறினால் தமிழ் புகுந்துவிடும். ஆறு வந்தது, முதலை வந்தது, முதலையின் மாமியார்கூட வந்தது. "கடைசியிலே பாருங்க புள்ளைங்களா, முதலை மவுத்தாப் போச்சு!" என்று கழுத்தில் கையை இழுத்துக் காட்டிவிட்டு, "இப்ப ஐயா அந்தக் கதையைச் சொல்லுவாங்க" என்று மைக்கை நீட்டினார்.

பெரியவர் வாங்கவில்லை. "முதலைதான் செத்துப்போச்சே, இனி நான் எதுக்கு?" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கல்லூரி அவரை வாசலில் மறித்து 'சிறந்த கதைசொல்லி' சான்றிதழ் கொடுத்தது. ஆண்டறிக்கையில் அது மாபெரும் வெற்றி.

"ஏன் பாய் இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்ன செய்வேன் சயாமா?" என்றார். டீச்சரை இங்கே அப்படித்தான் அழைப்போம். "கதை வாயிலே வந்துட்டா சுடச்சுட சமோசா மாதிரி. வச்சுக்கவும் முடியலே, முழுங்கவும் முடியலே."

அப்புறம் கேமராவோடு வெளிநாட்டு விருந்தினர் வருவதாகச் செய்தி வந்தது. நாங்கள் மண்ணின் அறிவைக் காப்பாற்றுவதை அவர்கள் படம்பிடிப்பார்கள். பிடித்துப்போனால் புது அரங்கம் கட்டித் தருவார்கள். பிரின்ஸ்பால் தோ மேரி, பர்மிய மரியாதைக்கு 'தோ' போட்டுக்கொண்ட நம் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி, மண்ணின் அறிவைத் தேடி பாயை உடனே மாவ்பிக்கு விரட்டினார். பாய் அங்கே நோ மூ என்ற கரேன் விவசாயப் பெண்மணியின் வீட்டில் சாப்பிட்டு, அந்தக் குடும்பத்தின் விதைநெல் கதையையும் கேட்டுவிட்டு, அவரை அழைத்து வந்தார்.

விருந்தினர் வந்த அன்று நோ மூ விதை பொறுக்குவதையும், உலர்த்துவதையும், எலிக்குத் தப்பவைப்பதையும் சொன்னார். பிள்ளைகள் விடாமல் கேள்வி கேட்டார்கள். விருந்தினருக்கோ கதைதான் வேண்டும்.

"அது விதைப்புக்கு முன்னாடி எங்க வீட்டுக்குள்ள சொல்றது. இவர் எங்க சோத்தைச் சாப்பிட்டவர், அதனால சொன்னேன். கேமராவுக்குச் சொல்ல மாட்டேன்" என்று நோ மூ பர்மிய மொழியில் சொல்லிவிட்டார்.

தோ மேரி சட்டென்று திரும்பினார். "பாய், உங்களுக்குத்தான் தெரியுமே! நீங்க சொல்லிடுங்க."

கேமரா பாய் பக்கம் திரும்பியது. நோ மூவின் முகம் செத்துவிட்டது. யாரிடம் கதையைக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரியும், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாய் மைக்கை வாங்கினார். வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. வியர்த்துக் கொட்டியது. பிரசவ வலியில்கூட ஒரு மனிதமுகம் அப்படிக் கோணாது.

"தெரியும். ரொம்ப நல்ல கதை" என்றார். "சொல்ல மாட்டேன்."

"பாய்! விருந்தாளிங்க உக்காந்திருக்காங்க!"

"விருந்தாளிக்குச் சோறு போடலாம் தோ மேரி. அடுத்த வீட்டுக் கதையை எடுத்துப் போட முடியாது."

அதையே பர்மிய மொழியிலும் நோ மூவைப் பார்த்துச் சொன்னார். பிறகு மைக்கைக் கீழே வைத்தார். அவர் தானாக மைக்கை வைத்து அன்றுதான் பார்த்தோம்.

விருந்தினர் தங்களுக்குப் பரிமாறிய நூடுல்ஸைப் படம்பிடித்துக்கொண்டு போனார்கள். அரங்கம் வரவில்லை. பாயின் பதவியை ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். குழு இதுவரை பேனரின் நிறத்தை முடிவு செய்திருக்கிறது. பாயை நூலகத்துக்குத் தள்ளினார்கள். பேசாமல் இருப்பதுதான் தண்டனையாம். தண்டனை யாருக்கு என்று தோ மேரி யோசிக்கவில்லை. துப்பறியும் நாவல் எடுக்கிற பிள்ளைகள் இப்போது பாய் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து வருகிறார்கள்.

நோ மூ மட்டும் அவ்வப்போது மாவ்பியிலிருந்து வந்து, பேனர் இல்லாமல், பிள்ளைகளுக்கு விதையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார். "முடிவை மட்டுமாவது சொல்லுங்க பாய்" என்று நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். மாவ்பி பஸ்ஸின் டயர் வெடித்த கதையைத்தான் சொன்னார்.

போன வாரம் ஒருநாள் பாய் காய்ச்சலென்று வரவில்லை. நூலகம் நூலகம் மாதிரி இருந்தது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு அவர் குடியிருக்கும் நாலாம் மாடிக்கு ஏறினேன். போர்வையை விலக்கிக்கொண்டு, காய்ச்சல் எப்படி வந்தது என்று ஆரம்பித்தார். நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.