ஸ்ரீ போட்ட ஃபோல்டர்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, ரெங்கநாயகி அக்கா நடத்துற கல்யாணத் தகவல் மையத்துல ஜாதகம் ஏன் ஓப்பன் ஆகலைன்னு பாக்கணும்.

அந்த சாஃப்ட்வேரை எழுதுன மகராசன் நான்தான். அதுக்குள்ள என் ஜாதகமும் கெடக்கு. வருசக்கணக்கா கெடக்கு.

மம்சாபுரத்துல இருந்து ஒரு பொண்ணோட அம்மா வாராவளாம். "சீக்கிரம் சரி பண்ணிக் குடு தம்பி, ஒன் ஜாதகத்தைத்தான் மொதல்ல காட்டுவேன்"னு அக்கா போன்லயே ஆசை காட்டிட்டாவ. மொகத்தை ஷேவிங் பண்ணிட்டு அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

அங்க போனா, எந்தப் பேரைத் தட்டுனாலும் ஃபைல் இல்லைன்னு வருது. ஒயரைப் புடுங்கிச் சொருகுனேன். சாஃப்ட்வேரை அழிச்சு மறுபடி ஏத்துனேன். வைரஸ்னேன். கரண்டு சரியில்லைன்னேன். அதுக்குள்ள அந்த அம்மா வேற வந்து எதுத்தாப்புல உக்காந்துட்டாவ. எனக்கு வேர்த்து ஊத்துது.

பொறவுதான் பாத்தேன். 'ஜாதகம்'னு நான் வச்ச ஃபோல்டர் 'ஸ்ரீ ஜாதகம்'னு இருக்கு.

"நான்தான் தம்பி போட்டேன். ஸ்ரீ போடாம யாராவது ஜாதகம் வைப்பாவளா?"ன்னாவ அக்கா.

சாஃப்ட்வேரு பழைய பேரைத் தேடிக்கிட்டு கெடக்கு. அந்த ஸ்ரீயை எடுத்துருவோம்க்கான்னேன். ஆண்டாள் ஊருல உக்காந்துக்கிட்டு சாமி எழுத்தை அழிப்பியான்னு கண்ணை உருட்டுனாவ.

சரி, டேட்டாபேஸ்ல ஒவ்வொரு பேருக்கும் நேரா அவன் ஜாதக ஃபைல் இருக்குற எடம் எழுதியிருக்கும், அதை மாத்துவோம். மொதல்ல ஒண்ணே ஒண்ணை மாத்திப் பாப்போம்னு என்னுதையே எடுத்தேன். கமாண்டை அடிச்சேன். என் ஜாதகம் ஜம்முன்னு ஓப்பன் ஆச்சு! மத்ததையும் தட்டிப் பாத்தேன், எல்லாமே ஓப்பன் ஆகுது. என்னடா இது, ஒண்ணை மாத்துனா எல்லாம் சரியாகுதேன்னு என் தெறமையை நானே மெச்சிக்கிட்டேன்.

அக்கா ஒவ்வொண்ணா காட்டுனாவ. மேல பேரு வரும், கீழ கட்டம் வரும். மொதல்ல என்னுது. அந்த அம்மா உத்துப் பாத்துட்டு, எட்டுல செவ்வாய், தோஷ ஜாதகம், வேண்டாம்னுட்டாவ. எனக்கு நெஞ்சே ஒடைஞ்சு போச்சு. அடுத்தது வத்திராயிருப்பு வாத்தியார். எட்டுல செவ்வாய். வன்னியம்பட்டியில ஒரு பேங்க்காரர். எட்டுல செவ்வாய்.

"ஏம்மா, இந்தப் பக்கத்துல பொறந்த பயலுக அம்புட்டு பேருக்குமா எட்டுல செவ்வாய்?"ன்னு அந்த அம்மா அக்காவைக் கேட்டாவ பாருங்க, அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

'என் பேருக்கு மட்டும்'னு கமாண்டுல ஒரு வரி சேக்கணும். மறந்துட்டேன். அம்புட்டு மாப்பிள்ளைக்கும் என் கட்டத்தைக் குடுத்துட்டேன்.

நான் வாயைத் தெறக்குறதுக்குள்ள அந்த அம்மா பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாவ.

அவனவன் அவன் பேருலதான் 'வேண்டாம்'ங்கிற பதிலை வாங்குவான். நான் ஊருல உள்ள அம்புட்டு மாப்பிள்ளை பேருலயும் வாங்கிட்டு வந்தேன்.