அந்த ஊர் நம்பர்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, திருப்பூர் பல்லடம் சாலையில் உள்ள ஒரு செல்போன் கடையில், சிவராஜ் மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டார்.

"அந்த ஊர் நம்பர் வருமாம்மா?"

கவுண்டருக்குப் பின்னால் நின்ற வேல்விழி பொறுமையானவள். விருதுநகர்ப் பக்கமிருந்து பெற்றோருடன் வந்து, இந்தக் கடையில் நான்கு வருடமாக சிம் விற்கிறாள்.

"சார், ஜெர்மனிக்குன்னா உங்க நம்பர்லயே ரோமிங் பேக் போட்டுக்கலாம். பிளேன் எறங்குன ஒடனே வேலை செய்யும். எல்லாரும் அதான் போடுறாங்க."

"அதுல கூப்புட்டா அங்க இருக்கறவங்களுக்கு என்ற சொந்த நம்பர் தெரியுமா?"

"தெரியும் சார். அதானே நல்லது? யாருன்னு தெரிஞ்சு எடுப்பாங்கல்ல?"

"அப்ப அது வேண்டாம்."

"சரி, டேட்டா சிம் வாங்கிக்கோங்க. நெட் மட்டும். வாட்ஸ்அப்ல பேசிக்கிடலாம்."

"வாட்ஸ்அப்ல போட்டோ தெரியுமே."

"யாரு போட்டோ?"

"என்றதுதான்."

வேல்விழி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்து நான்கு வயது, நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் அளவு டேப். ஒளித்துவைக்க வேண்டிய முகமாக அவளுக்குத் தெரியவில்லை.

"யாருகிட்ட சார் பேசணும்?"

"வெளிநாட்டு பையர்கிட்டம்மா. சரக்கு வாங்கறவங்ககிட்ட."

அது பொய்.

சிவராஜ் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் தர ஆய்வு மேலாளர். முதலாளி சாமியப்பன் ஆறு முறை வெளிநாடு போகச் சொன்னபோதும் முட்டி வலி என்று மறுத்துவிட்டார். ஏழாவது முறை ஊர் ஹாம்பர்க் என்று சொன்னதும் முட்டி வலி நின்றுவிட்டது. ஹாம்பர்க்கில்தான் அவருடைய ஒரே மகள் நவீனா படிக்கப் போயிருந்தாள்.

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதத்தில், பேசி முடித்திருந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று அவள் போனிலேயே சொன்னாள். "அப்படீன்னா இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றார் சிவராஜ். பிறந்ததிலிருந்து அவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் அவள் கேட்டது அந்த ஒருமுறைதான். இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிவிட்டன. வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். மனைவி சித்ரகலா அதைக் கேட்டுக்கொண்டாள்.

சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் யார் என்று நவீனாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் எடுக்காமல் விட்டுவிட்டால், அதற்குப் பிறகு நம்பிக்கொண்டிருக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த ஊர் நம்பர் என்றால் கொரியர்காரன் என்றாவது நினைத்து எடுப்பாள். எடுத்து "ஹலோ" என்பாள். அது போதும். கட் செய்துவிடலாம். சித்ரகலா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் போனிலிருந்து 'நவீ ஜெர்மனி' என்ற நம்பரை, பனியனில் தைக்கும் ஒரு துவைப்புக் குறிப்பு லேபிளின் பின்பக்கம் எழுதி, பர்ஸில் வைத்திருந்தார்.

வேல்விழி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் உறையை எடுத்தாள்.

"ஒன்னே ஒன்னு கெடக்கு சார். நாப்பத்தொம்பதுல ஆரம்பிக்கிற ஜெர்மனி நம்பரு. அரை மணி நேரம் பேசலாம். ஆனா ஒன்னு, பிளேன் எறங்குன பெறகுதான் போடணும்."

"டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்ல?"

"வேண்டாம் சார்."

திருப்பூரில் சாம்பிள் ஓகே ஆகாமல் ஒரு மீட்டர் துணியைக்கூட வெட்ட மாட்டார்கள். துவைத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். முப்பது வருடமாக அதற்குச் சம்பளம் வாங்கும் மனிதரிடம், சோதிக்காமல் ஒரு பொருளை ஜெர்மனிக்குக் கொண்டுபோகச் சொன்னாள் வேல்விழி.

சாயங்காலம் அவர் சிம்மைப் பழைய போனில் போட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியின் நம்பரை அழுத்தினார். கூடத்தில் மணி அடித்தது. இரண்டாவது முறை அடிப்பதற்குள் நின்றது. கட் செய்யப்பட்டிருந்தது.

முகம் கழுவியவர் போல வெளியே வந்தார்.

"யாரு சித்ரா, போன்ல?"

"வெளிநாட்டு நம்பருங்க. ஏமாத்துக்காரங்களா இருக்கும்." அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த நாடு?"

"பிளஸ் நாப்பத்தொம்பது. ஜெர்மனி."

"எடுத்துப் பாத்திருக்கலாமல்ல? தெரிஞ்சவங்க யாராச்சும் கூப்புட்டிருந்தா?"

சித்ரகலா நிமிர்ந்து பார்த்தாள். "ஜெர்மனில நமக்கு யாருங்க இருக்கறாங்க?"

பேரை எடுக்காதே என்று சொன்னது சிவராஜ்தான். ஆனால் பெற்றவள் இவ்வளவு கல்லாகிவிடுவாள் என்று நினைக்கவில்லை.

"நம்பரை பிளாக் பண்ணிட்டேன். நீங்க கவலப்படாதீங்க," என்றாள் அவள்.

அழைப்புப் போகிறது என்பது உறுதியாகிவிட்டது. குரல் தெளிவு பாக்கி இருந்தது. பாதிச் சோதனையோடு விடுவது அவர் வழக்கமில்லை. மறுநாள் பகல் பன்னிரண்டரை மணிக்கு நிறுவனத்தின் துணிக் கிடங்குக்குப் போய், ரோல்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஆபீஸ் நம்பரைக் கூப்பிட்டார். ரிசப்ஷனில் இருக்கும் பெண் எடுப்பாள், "ஹலோ" என்பாள், கட் செய்துவிடலாம் என்பது திட்டம். அன்று அவள் லீவு. சாமியப்பன் எடுத்தார்.

"ஹலோ?... பிளஸ் ஃபோர் நைனா? ஹலோ, பெட்ரா மேடம்?"

பெட்ரா என்பவர் ஹாம்பர்க் நிறுவனத்தின் கொள்முதல் தலைவி. அவருக்கு முப்பதாம் தேதி அனுப்ப வேண்டிய சரக்கு சாயப்பட்டறையிலேயே கிடந்தது.

சிவராஜ் மூச்சுக்கூட விடவில்லை. பேசினால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். கட் செய்தால் பெட்ரா மேடம் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டதாக ஆகும்.

"மேடம், டையிங் டிலே மேடம். ரெயின் மேடம். ஃபுல் ரெயின்."

மௌனம்.

"ஓகே மேடம், ஐ அண்டர்ஸ்டேண்ட். தர்ட்டியத் நாட் ஓகே. வீ வில் ஷிப் ட்வென்டி எய்ட்த்."

மௌனம்.

"ட்வென்டி சிக்ஸ்த் மேடம்?"

ரோலுக்குப் பின்னால் சிவராஜ் போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ப்ளீஸ் மேடம்... ஓகே. ட்வென்டி ஃபோர்த். ஃபைனல் மேடம். மை வேர்ட் மேடம்."

இந்தியாவில் இருந்து பேசினால் அந்த சிம்மில் காசு ஐந்து மடங்கு வேகமாகக் கரையும் என்பது சிவராஜுக்குத் தெரியாது. ஆறாவது நிமிடத்தில் பேலன்ஸ் தீர்ந்து, அழைப்பு தானாகவே நின்றது. வார்த்தையை வாங்கிக்கொண்டதும் மேடம் போனை வைத்துவிட்டதாக சாமியப்பன் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் தையல் ஓடும் என்று பகல் ஒன்றரைக்கு அறிவிப்பு ஒட்டப்பட்டது. சாம்பிள் பிரிவின் முனீஸ் அதைப் படித்துவிட்டு சிவராஜிடம் வந்தான்.

"யாருண்ணே அந்தப் பொம்பள? ஒத்த வார்த்தை பேசாம ஆறு நாளக் கொறச்சிருச்சே! என் பொண்டாட்டி ஒரு நாள் பூராக் கத்துனாலும் என்கிட்ட ஒன்னும் நடக்காதுண்ணே."

"வேலையப் பாரப்பா," என்றார் சிவராஜ்.

'இன்று தாங்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி' என்று தொடங்கி சாமியப்பன் ஒரு மெயில் அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. 'நாங்கள் யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை. ஆனாலும் புதிய தேதியை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்.'

சாமியப்பன் அதை மூன்று முறை படித்தார். பிறகு சிவராஜைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சிவராஜ், நீங்க இருபத்தஞ்சாம் தேதி போக வேண்டாம். வர்ற திங்கக்கெழமையே கெளம்புங்க."

"எதுக்குங்க?"

"அந்த ஆபீசுல உக்காந்துட்டு எனக்கு ஆரோ போன் பண்ணியிருக்கறாங்க. பேசாம இருந்தே வேலை வாங்கறவங்க. அது ஆருன்னு நேர்ல போயிக் கண்டுபுடிச்சுட்டு வாங்க. உங்களுக்குத்தான் எதையும் நுணுக்கிப் பாக்கத் தெரியும்."

"சரீங்க," என்றார் சிவராஜ்.

அன்று சாயங்காலமே வேல்விழியின் கடைக்கு ஓடினார். அவள் சிம்மை வாங்கிப் போட்டுப் பார்த்தாள்.

"இங்கயே போட்டுப் பேசிட்டீங்களா?"

"சாம்பிள் பாக்காம எப்படிம்மா..."

"சார், இது பனியன் இல்ல. தொவைச்சுப் பாத்துட்டுத் திருப்பி மடிச்சு வைக்க முடியாது."

"இன்னொன்னு குடு."

"ஸ்டாக் வர பத்து நாளாகும். திங்கக்கெழமை போறீங்கன்னா அங்கயே வாங்கிக்கோங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "சார், நெசமாவே பையர்தானா?"

அவர் சிம்மைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

ஞாயிறு மாலை சித்ரகலா பெட்டி அடுக்கினாள். பிரஷர் மாத்திரை, குல்லாய், அரைக் கிலோ பருப்புப்பொடி. சிவராஜ் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். 'இத மட்டும் புள்ளைக்குக் குடுத்துட்டு வாங்க' என்று ஏதாவது ஒரு பொட்டலத்தை நீட்டுவாள் என்று காத்திருந்தார். நீட்டினால் கொஞ்சம் கோபித்துக்கொண்டு வாங்கி வைத்துக்கொள்வதாகத் தீர்மானித்திருந்தார்.

"பருப்புப்பொடி அரைக் கிலோ எனக்கு மட்டும் எதுக்கு?" என்று அடியெடுத்தும் கொடுத்தார்.

"அதிகம்னா கால் கிலோ எடுத்தர்றனுங்க," என்றாள் அவள். எடுத்தும் விட்டாள்.

ஹாம்பர்க்கில் மூன்று டிகிரி குளிர். பெட்ரா மேடம் நன்றாகச் சிரித்துப் பேசினார். போன் செய்தவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை என்று சிவராஜ் முதலாளிக்கு ஒழுங்காக அறிக்கை அனுப்பினார்.

மற்ற நேரமெல்லாம் நடந்தார். கறுப்பு முடியும் முதுகுப் பையுமாக எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணையும் இருபது அடி தூரத்திலேயே பார்த்துவிட்டு, பத்து அடியில் தலையைக் குனிந்துகொண்டார். பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் எந்தப் பக்கக் கதவு வழியாக வருவாள் என்றுகூடத் தெரியவில்லை. தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் சீனி கேட்கிற பெண். இந்தக் குளிரில் எதைத் தின்று இருக்கிறாளோ.

வியாழக்கிழமை ஒரு பலசரக்குக் கடையில் சிம் கிடைத்தது. அதை உயிர்ப்பிக்க வீடியோவில் ஒருவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஆள் இடப்பக்கம் திரும்பச் சொன்னார், வலப்பக்கம் திரும்பச் சொன்னார், நெற்றியில் இருக்கும் வெள்ளைக் கோடு பாஸ்போர்ட் படத்தில் இல்லையே என்று கேட்டார். சிவராஜ் விபூதியை அழித்தார். நாற்பது நிமிடத்தில் நம்பர் வந்தது. அசல் ஜெர்மனி நம்பர்.

இந்த முறை அவர் எதையும் சோதிக்கவில்லை. ஓட்டல் அறைக்கு வந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். பேசப்போவதில்லை என்றாலும் செருமிக்கொண்டார். லேபிளை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

நான்கு முறை மணி அடித்தது.

"ஹலோ?"

ஆண் குரல்.

திட்டப்படி கட் செய்ய வேண்டிய இடம் அது. விரல் நகரவில்லை. அந்தக் குரல் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டது.

"நவீனா..." என்றார் சிவராஜ். அவரை மீறி வந்துவிட்டது.

"தமிழுங்களா? ஆருங்க நீங்க?"

"நீ ஆரு தம்பி?"

"நிதிஷுங்க. ஊரு கோபிங்க. இங்க படிக்கறனுங்க."

அடுத்த மூன்று நொடியில் சிவராஜ் அந்தப் பையனை மருமகனாக நினைத்துப் பார்த்து, ஆத்திரப்பட்டு, கோபி என்றால் பக்கத்து ஊர்தானே என்று மனதைத் தேற்றி, மன்னித்தும்விட்டார்.

"கண்ணு, நவீனாகிட்டப் போனக் கொஞ்சம் குடு. அவங்கப்பான்னு சொல்லு. வேண்டாம்னு சொன்னாப் பரவால்ல. கேட்டு மட்டும் பாரு."

"ஐயோ, அக்கா இங்க இல்லீங்களே. இது அவங்க சிம்முதானுங்க. கெளம்பறப்ப எனக்குக் குடுத்துட்டாங்க. பிரீபெய்டு பாருங்க, மறுபடி பேர் பதிஞ்சு வாங்கறது பெரிய ரோதனை. இங்க சீனியருங்க எல்லாம் ஜூனியருக்குக் குடுத்துட்டுத்தான் போவாங்க."

"கெளம்பறப்பன்னா? வேற ஊருக்குப் போயிட்டாளா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" நிதிஷின் குரல் தயங்கியது. "படிப்பு முடிஞ்சு போன மார்ச்லயே ஊருக்குத் திரும்பிட்டாங்களே. பல்லடத்துல ஒரு மில்லுல வேலைங்க, ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. வாரா வாரம் அவங்கம்மா போயிப் பாத்துட்டு வர்றாங்களாமுங்க."

சிவராஜ் திரும்பி வருவதற்கான டிக்கெட் டிசம்பர் ஐந்தாம் தேதிக்கு எடுக்கப்பட்டிருந்தது. தேதியை மாற்ற முடியாது என்று அதிலேயே அச்சிட்டிருந்தது.