வேலை தேடாதவர்

அரசாங்கக் காகிதத்தில் தன்னை வேலையில்லாதவன் என்று எழுத உயிர் போனாலும் விடுவதில்லை என்றிருந்தார் பிழைதிருத்துபவர். இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் அடுத்தவர் பிழைகளைத் திருத்தியவர். அச்சகம் மூடி ஒன்பது மாதம். ஐந்து மாதம் படியேறிப் படியேறி வேலை கேட்டார். செருப்பு தேய்ந்தது, மனசும் தேய்ந்தது. விட்டுவிட்டார்.

யார் யாருக்கு வேலை இருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்றதும், புள்ளிவிவர அலுவலகத்தில் ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரரிடம் ஓடினார். கடந்த நாலு வாரத்தில் வேலை தேடியும் கிடைக்காதவர்தான் வேலையில்லாதவர். தேடாமலே இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்றார் எதிர்வீட்டுக்காரர். பிழைதிருத்துபவருக்கு உச்சி குளிர்ந்தது.

அச்சகம் மூடிய மாதமே தையல் ஆலைக்குப் போகத் தொடங்கியிருந்த மனைவி, வேலை முடிந்து வந்து அடுப்படியில் நின்றபடி இதைக் கேட்டாள். "நல்லதுங்க" என்றதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுக்கும் பெண் வந்தாள். போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தாரா என்றாள். இல்லை. நாலு வாரத்தில் வேலை தேடினாரா?

"தேடவே இல்லம்மா" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

அவள் முகம் மலர்ந்தது. போன தடவை இந்தத் தெருவில் வேலையில்லாதவர்கள் பதினொரு பேர். இப்போது நாலே பேர் என்றாள்.

"மீதிப் பேருக்கு வேலை கிடைச்சிடுச்சா?" என்றாள் மனைவி.

"இல்லக்கா. தேடுறத நிறுத்திட்டாங்க."

ஆனாலும் படிவத்தில் சாரை ஏதாவதொரு கட்டத்தில் அடைத்தாக வேண்டுமாம். படிக்கிறாரா, படுத்த படுக்கையா, ஓய்வூதியம் வருகிறதா? எதுவுமில்லை. மிச்சம் இரண்டே கட்டம். ஒன்று வீட்டு வேலை பார்ப்பவர். இன்னொன்று மற்றவர்.

"மற்றவர்னா யாரும்மா?"

"பிச்சை எடுக்கிறவங்க, அந்த மாதிரி சார்."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வீட்டு வேலைன்னே போடும்மா. இருபது வருஷம் நான் இருந்த கட்டம்தான்."

சமையல் உண்டா, துணி துவைப்பது, பாத்திரம் என்று அந்தப் பெண் கேட்கக் கேட்க, எல்லாம் அவரே பார்ப்பதாக மனைவி மணிக்கணக்கு சொன்னாள். மற்றவராகிவிடுவோமோ என்ற பயத்தில் அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கையெழுத்தும் போட்டார். மூன்று மாதம் கழித்து மேற்பார்வையாளர் வந்து, சொன்ன வேலையெல்லாம் நிஜமாகவே பார்க்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மனைவி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இந்த வேலைய விட்டு மட்டும் யாரும் உங்கள நிறுத்தவே மாட்டாங்க."